ரிமோட் கைவிடும் நாளுக்கு முன்: கார் கதவு, டிக்கிப் பூட்டுகளில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வது

முதல் கார் வாங்கியவர்கள் என்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும், டயருக்குக் காற்று எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துவிடுவார்கள். கதவுப் பூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் டக்கென்று திறக்கிறது. சாவிக்கு ஒரு இரும்பு நாக்கு இருப்பதே மறந்துபோகிறது.

கோளாறு பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். கதவை மூடியதும் கவ்விப் பிடிக்கும் லாட்ச்சுக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்து, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்விட்ச் கெட்டுப்போகும். கதவை அறைந்து சாத்தினாலும் டேஷ்போர்டில் கதவு திறந்திருப்பதாகவே விளக்கு எரியும். தானாக அணையும் வசதி இல்லாத கார்களில் உள்விளக்கும் சேர்ந்து விடிய விடிய எரிந்து பேட்டரியை இறக்கிவிடும். பேட்டரி இறங்கினால் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. அப்போதுதான் டிரைவர் கதவில் உள்ள சாவித் துவாரம் ஞாபகத்துக்கு வரும். வருஷக்கணக்கில் சாவியே பார்க்காத துவாரம் அது, இறுகிக் கிடக்கும். அவசரத்தில் முறுக்கினால் சாவி பாதி கையில், பாதி உள்ளே. பேட்டரி பானெட்டுக்குள் இருக்கிறது. பானெட்டைத் திறக்கும் லீவர் பூட்டிய காருக்குள் இருக்கிறது.

இந்த நிலைமை வராமல் இருக்க வருஷத்துக்கு இரண்டு காலைப்பொழுது போதும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவித் துடைக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாம் முடிந்து பொங்கலுக்கு முன்னால் ஒன்று.

மதுரையில் ஏன் துரு?

கடல் எங்கேயோ இருக்கிறது, இங்கே என்ன துருப்பிடிக்கப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடலோர ஊர்க்காரர்கள் அளவுக்கு நமக்குப் பாடு இல்லை, உண்மைதான். ஆனால் இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த உப்பை நாம் வீட்டிலேயே ஊற்றிக்கொள்கிறோம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு திட்டாக நிற்கிறதே, அதே உப்பு பூட்டுக்குள்ளும் காய்ந்து உட்கார்ந்திருக்கும். கண்ணாடியில் தெரிகிறது, துடைக்கிறோம். பூட்டுக்குள் தெரிவதில்லை.

அடுத்தது தூசி. மேலூர்ப் பக்கம் கல் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கும், திருமங்கலம் தாண்டிக் கரிசல் காட்டு ஊர்களுக்குப் போய் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. தூசி தன்னால் துருப்பிடிக்க வைக்காது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்டச் சாந்தாகவே ஆகிவிடும்.

மூன்றாவது மழை. வருஷம் முழுக்கச் சீராகப் பெய்யாமல், பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவது நம் மழை. 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர், நரிமேடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி நாளில் தெருவில் நின்ற கார்களின் கதவு அடிப்பாகம் எல்லாம் நீரில்தான் இருந்திருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு சீட்டையும் கார்ப்பெட்டையும் காயவைப்பார்கள். கதவுக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

எது எது பூட்டு?

'லாக்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வேலை பார்க்கப் போகும்போது நான்கு பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குப் போடுவதை இன்னொன்றுக்குப் போடக்கூடாது.

சாவி நுழையும் சிலிண்டர் ஒன்று. அதன் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவை; உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணிய ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் தகடுகளை எல்லாம் ஒரே மட்டத்துக்கு இழுத்தால்தான் சிலிண்டர் சுழலும். ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் சுழலாது.

கதவின் ஓரத்தில் தெரியும் கொக்கி போன்ற இரும்பு இரண்டாவது. இதுதான் லாட்ச். கார் உடம்பில் இருக்கும் இரும்பு வளையமான ஸ்ட்ரைக்கரை இதுதான் கவ்விப் பிடிக்கிறது. மூன்றாவது கீல்களும், கதவைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பட்டையும். நான்காவது, கதவு விளிம்பைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பர். ரப்பர் எப்படிப் பூட்டாகும் என்றால், அது விட்டுப்போனால் மற்ற மூன்றுக்கும் தண்ணீர் போகும்.

வாங்கி வைக்க வேண்டியவை

டபிள்யூடி 40 ஒரு சின்ன டப்பா. சாவித் துவாரத்துக்கு பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று சொல்கிறோமே, அதுதான்) உலர் ஸ்பிரே அல்லது கிராஃபைட் தூள், இரண்டில் ஒன்று. வெள்ளை லித்தியம் கிரீஸ். ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர், அதாவது மின் இணைப்புகளின் அழுக்கைக் கழுவும் ஸ்பிரே. பழைய டூத் பிரஷ் இரண்டு, பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், தென்னங்குச்சி நாலைந்து. முதல் தடவை கொஞ்சம் செலவாகும். அதற்குப் பிறகு இதே டப்பாக்கள் பல வருஷம் வரும்.

டபிள்யூடி 40 பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்த திரவம். இறுகியதை இளக்கும், அழுக்கைக் கரைக்கும், ஈரத்தை வெளியேற்றும். ஆனால் நம் ஊரில் பலர் அதை அடித்துவிட்டு 'கிரீஸ் போட்டாச்சு' என்று நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சும் படலம் மெல்லியது. இந்த வேலையில் அது சோப்புக்குச் சமம். கழுவிய பிறகு போட வேண்டியது தனியாக இருக்கிறது.

சாவித் துவாரம்

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் டிரைவர் கதவில் மட்டும்தான் துவாரம். இடது கதவிலும் டிக்கியிலும் கிடையாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் சாவி ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும், ஒரு சின்ன விசையைத் தள்ளினால் உருவி எடுக்கலாம். துவாரமும் சில கார்களில் கைப்பிடி ஓரத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். மூடியை எப்படிக் கழற்றுவது என்று காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தேடுவதை விட இன்றைக்கே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வாயில் ஒரு சின்னத் தகட்டு மூடி இருக்கும், சாவி நுழையும்போது மடிந்து வழிவிடும். அது மூடாமல் திறந்தே நின்றால் அதுதான் தூசி போகும் வாசல். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. பச்சைக் களிம்பு தெரிந்தால் பித்தளை. இதோடு நம் ஊருக்கே உரிய இரண்டு அடைப்புகள் உண்டு. ஒன்று, குளவி மண். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் சாவித் துவாரத்தில் கூடு கட்டி, மண் வைத்துப் பூசிவிட்டுப் போய்விடும். இன்னொன்று, ஆயுத பூஜைச் சந்தனம். கைப்பிடிக்குப் பொட்டு வைக்கிறோம் என்று சரியாகத் துவாரத்தின் மேலேயே அப்பிவிடுவார்கள்; அது காய்ந்தால் கல். பொட்டைக் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சாமி கோவிக்காது.

அடைப்பு இருந்தால் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். உள்ளே தள்ளிவிடக் கூடாது. பிறகு கான்டாக்ட் கிளீனரின் சின்னக் குழாயைத் துவாரத்தில் வைத்து இரண்டு மூன்று விநாடி அடியுங்கள். கீழே துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயின்ட்டில் வழிய விடாதீர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. கறுப்பாக ஒரு திரவம் வழியும். சாவியை உள்ளே விட்டு, திருப்பாமல், வெளியே இழுங்கள். சாவியைத் துணியில் துடையுங்கள். மறுபடி விடுங்கள், இழுங்கள், துடையுங்கள். சாவி கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை இதுதான் வேலை. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கால் மணி நேரம் காயட்டும். பிறகு பிடிஎஃப்இ உலர் ஸ்பிரே ஒரே ஒரு அழுத்து. கிராஃபைட் போடுவதானால் ஒரு சிட்டிகையைத் துவாரத்தில் ஊதிவிட்டுச் சாவியால் பத்துத் தடவை உள்ளே வெளியே ஓட்டுங்கள். இரண்டில் ஒன்றுதான். கிராஃபைட் போட்ட இடத்தில் எண்ணெயோ ஸ்பிரேயோ பட்டால் இரண்டும் குழைந்து கண்மை மாதிரி ஆகித் தகடுகளை ஒட்டிவிடும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் பிடிஎஃப்இயைத்தான் சொல்வேன், கையும் சட்டையும் கறுக்காது. இன்னொரு காரணமும் உண்டு: கிராஃபைட் மின்சாரம் கடத்தும். அதனால் ஸ்டியரிங் பக்கத்து இக்னிஷன் துவாரத்துக்கும் டிக்கி ஸ்விட்ச் பக்கமும் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். இக்னிஷனுக்குள் எந்தத் திரவத்தையும் அடிக்காதீர்கள். அதன் பின்னால் மின் ஸ்விட்ச் இருக்கிறது. அங்கே சாவி இறுகினால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்கள் முதலில் நீட்டுவது அதைத்தான். திண்டுக்கல் பூட்டுக்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே அந்தப் பூட்டுக்கு, அது ஓடிவிடும். உள்ளே கனமான நெம்புகள், தாராளமான இடைவெளி. கார் சிலிண்டரில் தகடுகள் மெல்லியவை, இடைவெளி மயிரிழை. எண்ணெய் கொஞ்ச நாளில் பிசினாகித் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். அதோடு தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மதுரையில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. டிசம்பர் விடுமுறைக்குக் கொடைக்கானல் போய், ராத்திரி வெளியே நிறுத்திய காரைக் காலையில் சாவி போட்டுத் திறக்கும்போது தெரியும்.

புளியும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் பச்சைக் களிம்பைக் கண்டதும் புளிக்கரைசல் விடத் தோன்றும். புளிப்பு பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும், சுற்றியிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும்.

இவ்வளவையும் செய்துவிட்டு மறுபடி ரிமோட்டையே அழுத்திக்கொண்டிருந்தால் பாதிப் பலன்தான். மாதம் ஒருமுறை, பெட்ரோல் போடும் நாளிலோ சம்பள நாளிலோ, சாவியைப் போட்டுத் திறந்து பூட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தகடு எளிதில் ஒட்டாது. சில கார்களில் சாவியால் திறந்தால் அலாரம் அடிக்கும். உள்ளே உட்கார்ந்து இக்னிஷனைப் போட்டாலோ ரிமோட்டை அழுத்தினாலோ நின்றுவிடும்.

லாட்ச்

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பிளவுபட்ட ஒரு இரும்புக் கவை, அதைச் சுற்றி பிளாஸ்டிக் உறை, மூன்று திருகாணிகள். பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்து, மேலே செம்மண் படிந்திருக்கும். கதவு 'ஹாஃப் லாக்' ஆகிறது, இரண்டு தடவை சாத்த வேண்டியிருக்கிறது, வெளிக் கைப்பிடியை இழுத்தால் கனமாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு இந்த மெழுகுதான் காரணம்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணா நகர்ப் பக்கம் இருக்கிறார். கதவை மாற்ற வேண்டுமா என்று பதறிப்போய் வருகிறவர்களிடம் அவர் சொல்வது இதுதான்: "அண்ணே, லாக் போகலண்ணே. கிரீஸு செத்துப்போச்சு. பிரஷ்ஷை எடுத்து நாலு தேய் தேய்ங்க, அப்புறமா வாங்க."

தேய்க்கும் முறை: சீட்டின் ஓரத்தையும் கதவுத் துணியையும் பழைய துண்டால் மூடுங்கள். டபிள்யூடி 40-ஐக் கவையின் மேல் அடித்து ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள். டூத் பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். உள்ளே மோட்டாரும் ஸ்விட்ச்சும் இருக்கின்றன.

காய்ந்ததும் சோதனை. ஸ்க்ரூ ட்ரைவரின் தண்டைக் கவைக்குள் வைத்து, ஸ்ட்ரைக்கர் தள்ளுகிற திசையில் உள்ளே தள்ளுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், இன்னும் தள்ளினால் இரண்டாவது 'டக்'. முதல் சத்தம் அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. இரண்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். இப்போது கைப்பிடியை இழுத்தால் கவை துள்ளித் திறக்க வேண்டும். சோம்பலாக ஊர்ந்து வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. முக்கியமான எச்சரிக்கை: கவை மூடிய நிலையில் இருக்கும்போது மறந்துபோய்க் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஸ்ட்ரைக்கரில் மோதி இரண்டும் நசுங்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கைப்பிடியை இழுத்துத் திறந்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போக வேண்டும்.

பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், கடலைப்பருப்பு அளவு, கவை சுழலும் மையத்திலும் அது உரசும் முகத்திலும். சோதனையை இன்னும் நாலைந்து தடவை செய்தால் தானே பரவிவிடும். ஸ்ட்ரைக்கருக்கு கிரீஸ் தொட்ட துணியால் ஒரு துடைப்பு மட்டும். அங்கே தாராளமாக அப்பிவிட்டால், கல்யாண வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியோடு இறங்குகிறவர் தொடைப் பக்கம் ஒரு கறுப்புக் கோட்டோடு பந்திக்குப் போவார்.

ஸ்ட்ரைக்கரில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதன் திருகாணியை நீங்களே தளர்த்தாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காற்றுச் சத்தமும் மழைத் தண்ணீரும் உள்ளே வரும். டிங்கரிங் வேலை செய்கிறவர் பார்க்கட்டும்.

பின்கதவு ஓரத்தில், குழந்தைகள் உள்ளிருந்து கதவைத் திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக் நெம்பு இருக்கும். குழந்தை இல்லாத வீடுகளில் அதை யாரும் தொடுவதே இல்லை. மேலும் கீழும் நாலு தடவை ஆட்டி, பழைய நிலையிலேயே விட்டுவிடுங்கள். விட்ட பிறகு உள் கைப்பிடியால் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பானெட் லாட்ச்சுக்கும் இதே கழுவல், இதே கிரீஸ். முன்னால் மழையையும் பூச்சியையும் நேரே வாங்குகிற இடம் அது. இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது முதல் லாட்ச் விட்டால் பானெட்டைப் பிடித்து வைப்பது அது ஒன்றுதான்.

கீல், ரப்பர்

கீலில் மேலிருந்து ஒரு சொட்டு கிரீஸ் ஸ்பிரே, வழிந்ததைத் துடைத்தால் முடிந்தது. கதவுப் பட்டைக்கும் அதேதான். பீடிங் ரப்பரை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பரில் படக்கூடாது. ஊதி, நெகிழ்ந்து, வடிவம் போய்விடும்.

கதவின் அடியில் இருக்கும் துளைகள்

புதியவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடியை ஒட்டிய ரப்பர் வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீர் கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தத் துளை மண்ணால் அடைந்தால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே 'களக் களக்' என்று கேட்டால் அதுதான். அடித்தகடு உள்ளிருந்து அரிக்கும். பெயின்ட் கொப்புளித்து வெளியே தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். அந்த ஈரம்தான் லாட்ச்சையும் மோட்டாரையும் எப்போதும் நனைத்துக்கொண்டிருப்பது.

கதவைத் திறந்து கீழே குனிந்து விரலால் தடவுங்கள். இரண்டு மூன்று நீளத் துளைகளோ, ரப்பர் மூடி போட்ட வாய்களோ தட்டுப்படும். தென்னங்குச்சியை விட்டு மண்ணை எடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட்டைக் கீறினால் அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும். மேலே கண்ணாடி ஓரமாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் சொட்ட வேண்டும். வேப்ப மரம், புங்க மரத்து அடியில் நிறுத்துகிறவர்கள் பூவும் சருகும் உதிரும் மாதங்களில் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

துரு வராமல் இருக்க என்று அடிப்பாகத்துக்கு கறுப்புக் கோட்டிங் அடித்துக்கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அடிக்கிற பையன் கவனிக்காவிட்டால் இந்தத் துளைகளையும் சேர்த்துப் பூசிவிடுவான். காசு கொடுப்பதற்கு முன் குனிந்து ஒவ்வொரு துளையையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு இடம்: பவர் விண்டோ ரிப்பேர், ஸ்பீக்கர் மாட்டுவது என்று கதவின் உள்பலகையைக் கழற்றினால், பின்னால் பசையில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். அதைக் கிழித்துச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பலகையை மாட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்த ஷீட்தான். பக்கத்தில் நின்று, அதைத் திரும்ப ஒட்டச் சொல்லி வாங்குங்கள்.

டிக்கி

ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழன்று தூசியை டிக்கிக் கதவின் மேல் அப்புகிறது. அதிலும் பின்கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கி திறக்கும் ஹேட்ச்பேக்கில் லாட்ச் கதவின் கீழ் விளிம்பில் இருப்பதால் மண் நேராக அங்கேயே போய்ச் சேரும். கதவுகளுக்கு வருஷம் இரண்டு தடவை என்றால் இதற்கு மூன்று நான்கு தடவை வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் முறையும் ஸ்க்ரூ ட்ரைவர் சோதனையும் அதேதான். மூடிய கவையை விடுவிக்க டிரைவர் சீட் பக்கத்து லீவரையோ வெளி பட்டனையோ பயன்படுத்துங்கள்.

லீவரை இழுத்தால் கனமாக இருந்து, விட்டதும் திரும்பி வராமல் நின்றால் கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. லாட்ச் பக்கத்து முனையில் பிடிஎஃப்இ ஸ்பிரேயை அடித்து இருபது முப்பது தடவை இழுத்துப் பார்க்கலாம். கம்பியின் இழை ஒன்றிரண்டு அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்பிரேக்கு வேலை இல்லை, புது கேபிள்தான். பட்டனில் திறக்கும் வண்டிகளில் நம்பர் பிளேட் விளக்குக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் ஸ்விட்ச் வெயிலில் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீர் போகும். வெடிப்பு தெரிந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பீடிங்கிலோ பின்விளக்கு ரப்பரிலோ கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் லாட்ச்சுக்கு எவ்வளவு கிரீஸ் போட்டாலும் மூடிய டிக்கிக்குள் நிற்கும் ஈரம் வேலையைக் காட்டும்.

வாட்டர் வாஷும் கடற்கரைப் பயணமும்

வாட்டர் சர்வீஸில் தண்ணீர் பீய்ச்சும் கன்னைச் சாவித் துவாரத்துக்கும் லாட்ச்சுக்கும் நேராகப் பிடிக்க விடாதீர்கள். கழுவி முடிந்ததும் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து விளிம்புகளைத் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டில் போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் கடைசி ஒரு வாளி மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். நனைந்த காரின் மேல் கவரைப் போட்டு மூடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

ராமேஸ்வரம், திருச்செந்தூர் போய் வந்தால் தனி வேலை. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு சொந்தக் காரையே தனுஷ்கோடி முனைக்கு ஓட்டிப்போக முடிகிறது. இரண்டு பக்கமும் கடல், காற்றில் உப்பும் மணலும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் லாட்ச்சுக்குள் இரண்டும் போய்விடும். ஊர் திரும்பிய மறுநாளே நல்ல தண்ணீரில் காரைக் கழுவுங்கள். லாட்ச்களை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, டபிள்யூடி 40 அடித்து, புது கிரீஸ் வையுங்கள். அடுத்த ஆயுத பூஜை வரை தள்ளிப்போட்டால் உப்பு அதுவரை காத்திருக்காது.

ஏற்கெனவே இறுகிவிட்டால்

சாவி நுழைகிறது, திரும்பவில்லை என்றால் டபிள்யூடி 40-ஐ அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் சாவியை லேசாக ஆட்டியபடி மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு விரல் பலம் போதும். குறடு வைத்து முறுக்கக் கூடாது. திரும்பிவிட்டால் கான்டாக்ட் கிளீனரால் கழுவி முன்பு சொன்னபடி உலர் ஸ்பிரே அடியுங்கள். திரும்பவில்லை என்றால் வீட்டில் உள்ள இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். தினமும் புழங்கும் சாவி தேய்ந்துபோய், பெட்டியில் கிடக்கும் ஸ்பேர் சாவி சுலபமாகத் திறப்பது அடிக்கடி நடக்கும். அப்படியானால் நகல் எடுக்கும்போது தேயாத ஸ்பேர் சாவியைப் பார்த்து வெட்டச் சொல்ல வேண்டும். சிப் இல்லாத வெறும் நகல் குறைந்த செலவில் கிடைக்கும். சாவியில் உள்ள சிப்பைச் சரிபார்த்த பிறகே என்ஜினை ஓடவிடும் இம்மொபிலைசர் உள்ள வண்டியை அது ஸ்டார்ட் செய்யாது, ஆனால் கதவைத் திறக்கும். அவசரத்துக்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

சாவி உடைந்து உள்ளே நின்றுவிட்டால் சூப்பர் க்ளூ வைத்து இழுக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், தகடுகளும் சேர்ந்து ஒட்டிவிடும். சாவி வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள், அதற்கென்று மெல்லிய கொக்கிகள் வைத்திருப்பார்கள்.

சிலிண்டரே போய்விட்டது என்று சொன்னால் உடனே புது செட் வாங்கிவிடாதீர்கள். டிரைவர் கதவுக்கு மட்டும் புதிது மாட்டினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டைச் சுமக்க வேண்டியிருக்கும். புது சிலிண்டரின் தகடுகளை எடுத்து, பழைய சாவியின் வெட்டுக்குப் பொருந்தும்படி மாற்றி அடுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். அனுபவமுள்ள சாவிக்காரர்கள் செய்து தருவார்கள். பழைய சிலிண்டரையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதில் நல்ல நிலையில் இருக்கும் தகடுகளும் ஸ்பிரிங்குகளும், இடது கதவிலோ டிக்கியிலோ துவாரம் உள்ள வண்டியாக இருந்தால், அந்த சிலிண்டர் மக்கர் செய்யும் நாளில் பெரும்பாலும் அப்படியே பயன்படும்.